ஏழைச் சிறுவரின் கையில் கருவியைக் கொடுத்த குருவானவர்



கற்பிட்டிக் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது சற்று நேரம் நின்று பாருங்கள். கரையேறிய படகுகளின் பக்கத்தில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் சிலர் குந்தியிருப்பார்கள். ஒருவன் படகின் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பான். இன்னொருவன் உப்புக்காற்றுப்பட்டுப் பழுதாகிய வயரை உரித்து, மறுபடி முறுக்கிப் பொருத்துவான். புத்தகம் வைத்து இதை அவர்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. தகப்பனின் கையைப் பார்த்து அவர்களுடைய கையும் பழகிக்கொண்டது.

இனி, கண்ணை உயர்த்தித் தெற்கே போகும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அவை தாமே உணர்கின்றன. தாமே முகத்தைத் திருப்புகின்றன. காற்று அளவுக்கு மிஞ்சினால் இறக்கைகளின் சாய்வை மாற்றித் தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றன. அப்பக்கத்திலேயே நுரைச்சோலை அனல் மின்நிலையமும் இருக்கிறது. 2011ம் ஆண்டு அதன் முதற்பகுதி இயங்கத் தொடங்கியது. 2014ல் மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாற் கொள்ளளவை எட்டின. அங்கேயும் எத்தனையோ வேலைகளைக் கணினிகளே கண்காணித்து நடத்துகின்றன.

இவையெல்லாம் நம்முடைய மணலில்தான் ஊன்றப்பட்டிருக்கின்றன. ஆனால் படகு இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டத் தெரிந்த அந்தப் பிள்ளைக்கு, காற்றாலை எப்படித் தானே திரும்புகிறது என்று சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? ரோபோக்களும் கணினிகளும் பட்டணத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளுக்கு உரியவை, வலை இழுக்கிறவன் மகனுக்கு அவை எதற்கு என்று நம்மில் பலர் நினைத்து விடுகிறோம். அப்படி நினைக்க மறுத்த ஒரு குருவானவர் 19ம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவருடைய பெயரை நீங்கள் அறிவீர்கள். அவருடைய படம் உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கலாம். ஆயினும் அவருடைய வாழ்க்கையைப் பட்டறையின் வாசலில் நின்று பார்த்திருப்பவர்கள் குறைவு. அவரே புனித யோன் பொஸ்கோ.

மண்வெட்டியா, புத்தகமா?

வட இத்தாலியிலே பீட்மொன்ட் என்னும் நாட்டுப்புறத்தில், பெக்கி என்ற சின்னஞ்சிறு குடியிருப்பில் 1815ம் ஆண்டு ஆவணி 16ம் நாள் யோன் பிறந்தார். தகப்பனார் பிரான்சிஸ்கோ ஓர் ஏழை விவசாயி. பிள்ளைக்கு இரண்டு வயது நிறையுமுன் தகப்பனார் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். தாய் மார்கரீத்தா எழுத்தறியாதவர்; ஆனால் செபமும் வேலையும் அறிந்தவர். முதல் தாரத்து மகன் அந்தோனியோ, தம் பிள்ளைகள் யோசேப், யோன் ஆகிய மூவரையும், முதிய மாமியாரையும் அவரே உழைத்துக் காப்பாற்றினார்.

யோனுக்குப் படிப்பில் தீராத ஆசை. ஆனால் மூத்தவன் அந்தோனியோவுக்கு அது பிடிக்கவில்லை. தான் புத்தகம் தொடாமலே ஆளாகவில்லையா, வயலில் வேலைக்கு ஆள் போதாதபோது இவனுக்கு மட்டும் படிப்பெதற்கு என்பது அவனுடைய நியாயம். அவனைக் கெட்டவன் என்று நாம் தள்ளிவிட முடியாது. பசியுள்ள வீட்டில் ஒரு சோடிக் கை குறைந்தால் அதன் பாரம் யார் தோளில் விழும் என்பதை நம் கடற்கரைத் தாய்மார் நன்றாக அறிவார்கள். அந்தச் சண்டை முற்றியபோது தாய் மார்கரீத்தா நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, பன்னிரண்டு வயது மகனை 1828ம் ஆண்டு மாசி மாதக் குளிரிலே வீட்டைவிட்டு அனுப்பினார். மொல்யா என்னும் குடும்பத்தின் பண்ணையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் அவர் வேலைக்காரச் சிறுவனாக இருந்தார். மாட்டுத் தொழுவமும் திராட்சைத் தோட்டமும் அவருக்கு அக்காலத்துப் பாடசாலைகள்.

பிறர் வீட்டில் வேலைக்கு நிற்கிற பிள்ளையின் மனம் எப்படியிருக்கும் என்பதை யோன் பொஸ்கோ நூலிலிருந்து கற்றவரல்லர். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

தொழில்கள் பழகிய மாணவன்

பின்னர் கலோசோ என்ற வயோதிபக் குருவானவர் அவருக்கு இலத்தீன் படிப்பிக்க முன்வந்தார். ஓராண்டு கழிந்ததும் அந்த நல்ல குருவும் 1830ல் இறந்துபோனார். திரும்பவும் இருட்டு. ஆனாலும் யோன் விடவில்லை. காஸ்தெல்நுவோவிலும், பின்னர் கியேரி நகரிலும் படித்தபோது, தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்குமாக அவர் செய்த வேலைகள் பல. தையற்காரரிடம் ஊசி பிடித்தார். கம்மாலையில் சம்மட்டி தூக்கினார். கோப்பிக் கடையிலே மேசை துடைத்து, இனிப்புப் பண்டங்கள் செய்யப் பழகினார். மாடிப்படியின் கீழே ஒடுங்கிய ஓர் இடமே அவர் உறங்கும் அறை.

அப்போது அவை கஷ்டங்களாக மட்டுமே தோன்றின. இருபது வருடங்களின் பின் தையற்பட்டறையும் இரும்புப் பட்டறையும் திறந்தபோதுதான் அவற்றின் பொருள் விளங்கியது. வேலை தெரியாத முதலாளி வேலை வாங்குவான். வேலை தெரிந்தவனே வேலை கற்பிப்பான்.

1835ல் கியேரி குருமடத்தில் சேர்ந்து, 1841ம் ஆண்டு ஆனி 5ம் நாள் தூரின் நகரிலே குருவாக அபிஷேகம் பெற்றார். அக்காலத்து வழக்கப்படி குருக்களைத் தொன் என்று அழைப்பார்கள். அவ்வாறே அவர் உலகுக்கெல்லாம் தொன் பொஸ்கோ ஆனார்.

சிறைச்சாலையில் கண்ட காட்சி

அந்த நாட்களில் தூரின் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கட்டடங்கள் எழுந்தன, தொழிற்சாலைகள் புகை கக்கின. மலைக்கிராமங்களிலிருந்து ஏழைச் சிறுவர்கள் வேலை தேடிக் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். கல் சுமந்தார்கள், சுண்ணாம்பு குழைத்தார்கள், புகைபோக்கிகளைத் துப்புரவாக்கினார்கள். வேலை இல்லாத நாளில் தெருவில் கிடந்தார்கள். பின்பு களவு, பின்பு சிறை.

ஞானத்தந்தையாகிய யோசேப் கபாசோ சுவாமியாருடன் தொன் பொஸ்கோ அந்தச் சிறைகளுக்குப் போனார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரையான, உடற்சுகமும் புத்திக்கூர்மையும் உள்ள பிள்ளைகள் கம்பிகளுக்குப் பின்னே பேன் கடியோடு அடைபட்டிருப்பதைக் கண்டார். அவரை இன்னும் அதிகமாக வருத்தியது வேறொன்று. விடுதலையாகிப் போனவர்களே சில வாரங்களில் திரும்பி வந்தார்கள். வெளியே அவர்களுக்கு வீடில்லை. கையில் ஒரு தொழிலில்லை. வருகிறாயா என்று கேட்க ஓர் ஆளில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு வெளியே ஒரு நண்பன் இருந்திருந்தால் இங்கே வந்திருப்பார்களா என்ற கேள்வி அவரை உறங்கவிடவில்லை.

1841ம் ஆண்டு மார்கழி 8ம் நாள், அமலோற்பவ மாதா திருநாள். புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தில் அவர் திருப்பலிக்கு ஆயத்தமாகும் வேளை, குளிருக்கு ஒதுங்கிய ஒரு பையன் அங்கே நின்றான். பூசைக்கு உதவத் தெரியாது என்று அவன் சொல்லவே, கோவிற்பிள்ளை தடியெடுத்து விரட்டினார். தொன் பொஸ்கோ பதறி, அவன் தம்முடைய நண்பன் என்று சொல்லித் திரும்ப அழைப்பித்தார். பர்த்தலமேயு கரெல்லி என்பது அவன் பெயர். வயது பதினாறு. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. மேசன் வேலைக்குக் கல் சுமப்பவன். எழுத வாசிக்கத் தெரியாது. பாடத் தெரியுமா என்றால் தெரியாது. சீக்கையடிக்கத் தெரியுமா என்று கேட்டபோதுதான் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. இருவருமாக ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு அவன் தோழர்களையும் கூட்டிவந்தான்.

வாசகர்களே, கவனித்தீர்களா? அந்தக் குருவானவர் பையனுக்குத் தெரியாதவற்றைக் கணக்கெடுப்பதோடு நின்றுவிடவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும்வரை கேட்டுக்கொண்டே போனார். அதிலிருந்துதான் பாடம் தொடங்கியது.

முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம்

பையன்கள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். இடந்தான் கிடைக்கவில்லை. சத்தம் பொறுக்காமல் ஒவ்வோர் இடத்திலிருந்தும் துரத்தப்பட்டு, 1846ம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று வால்தொக்கோ என்னும் புறநகரிலே பினார்டி என்பவரின் கொட்டில் ஒன்றில் குடியேறினார்கள். அவ்வாண்டே ஆடி மாதம் கடும் நோயுற்றுச் சாவின் விளிம்புக்குப் போன தொன் பொஸ்கோவுக்காக அந்த ஏழைப் பையன்கள் உண்ணாமல் செபித்தார்கள். அவர் பிழைத்தார். கார்த்திகை மாதம் தம் தாயையும் அழைத்துக்கொண்டு கால்நடையாகவே தூரினுக்குத் திரும்பினார். ஐம்பத்தெட்டு வயதான அந்தத் தாய் 1856ல் இறக்கும்வரை நூற்றுக்கணக்கான அநாதைகளுக்குத் தாயாக இருந்து சமைத்தார், தைத்தார், கண்டித்தார்.

தொன் பொஸ்கோ ஞாயிறு மறைக்கல்வியோடு திருப்திப்படவில்லை. வார நாட்களில் அந்தப் பையன்கள் வேலை செய்யும் கட்டடங்களுக்கும் கடைகளுக்கும் நேரே போனார். யாரிடம் வேலை, என்ன சம்பளம், அடிக்கிறார்களா, ஞாயிறு ஓய்வு உண்டா என்று விசாரித்தார். பின்பு அக்காலத்தில் ஏழைகளுக்குக் கிடைத்திராத ஒரு காரியத்தைச் செய்தார். பழகுவோனுக்கும் முதலாளிக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் செய்வித்தார்.

1852ம் ஆண்டு மாசி 8ம் நாள் முத்திரைத்தாளில் எழுதப்பட்ட அத்தகைய ஒப்பந்தம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஒரு தச்சு மேஸ்திரியிடம் யோசேப் ஓடாசோ என்ற பையன் இரண்டு வருடம் தொழில் பழகவேண்டும். மேஸ்திரி அவனைச் சொல்லால் திருத்தலாமேயன்றிக் கைநீட்டி அடிக்கக்கூடாது. தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலைகளில் அவனை ஏவக்கூடாது. ஞாயிறும் திருநாட்களும் அவனுக்குரியவை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை. நாட்கூலி 30 சதத்தில் தொடங்கிப் படிப்படியாக உயரவேண்டும். பையனும் கீழ்ப்படிதலோடு நடப்பதாக வாக்குக் கொடுக்கிறான். மேஸ்திரி, பையன், தகப்பன் ஆகியோரோடு தொன் பொஸ்கோவும் கையொப்பமிட்டிருக்கிறார்.

தாய்மாரே, தகப்பன்மாரே, இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கராச்சுகளிலும் வாடிகளிலும் எந்தக் கடதாசியும் இல்லாமல் நிற்கிறார்கள்? இலங்கையில் 16 வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பதும், 2021ம் ஆண்டுமுதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்தலாகாது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்குமேல் தொழில் பழகப் போகும் பிள்ளைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கேட்பது பெருமை பேசுவதல்ல. அது ஒரு புனிதர் காட்டிய வழி.

சொந்தப் பட்டறைகள்

ஒப்பந்தம் இருந்தும் நகரத்துப் பட்டறைகளின் பேச்சும் பழக்கமும் பிள்ளைகளைக் கெடுத்தன. ஆகவே தொன் பொஸ்கோ தம் வீட்டிலேயே பட்டறை வைக்கத் துணிந்தார். 1853ல் சப்பாத்துத் தைப்பதும் துணி தைப்பதும். 1854ல் நூல் கட்டுவது. 1856ல் தச்சு வேலை. 1862ம் ஆண்டளவில் அச்சுக்கூடமும் இரும்புப் பட்டறையும். தொடங்கும்போது கையில் என்ன இருந்தது என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நூல் கட்டும் பட்டறையின் முதல்நாள், அச்சான தாள்களைத் தாமே மடித்து, தாயாரிடம் ஊசியும் மாவுப் பசையும் வாங்கி ஒட்டி, ஓரம் வெட்டுவதற்குச் சமையலறைக் கத்தியைத் தேடினாராம். சூழ நின்ற பையன்கள் சிரித்தார்கள்; அவரும் சிரித்தார். ஆனால் நூல் கட்டப்பட்டது.

எல்லாம் இலகுவாக நடந்துவிடவில்லை. முதலில் கூலிக்கு மேஸ்திரிமாரை வைத்தார். தாம் கற்றுக்கொடுத்தால் நாளைக்குத் தம் பிழைப்புக்கே போட்டி வந்துவிடும் என்று அவர்கள் தொழிலின் நுணுக்கத்தை மறைத்தார்கள். அடுத்ததாக வருமானத்தை மேஸ்திரியே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுப்பார்த்தார். இலாபம் கண்ட மேஸ்திரிமார் பையன்களைக் கூலியில்லா வேலையாட்களாக்கிப் படிப்பு நேரத்தையும் விழுங்கிவிட்டார்கள். இப்படி அடிபட்டபின்பே, பட்டறையின் முழுப் பொறுப்பையும் வீடே ஏற்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பிள்ளைகளோடு உண்டு, செபித்து, வாழ்ந்து தொழில் கற்பிக்கக்கூடிய பொதுநிலைச் சகோதரர்களைத் தம் சபையிலே உருவாக்கினார். 1859ம் ஆண்டு மார்கழியில் பிறந்த சலேசிய சபையில் குருக்களோடு சமமாகச் சம்மட்டியும் அச்செழுத்தும் பிடித்த சகோதரர்களும் அங்கத்தவர்களானார்கள்.

1886ல் கூடிய சபையின் பொதுச் சங்கத்தில் இன்னொரு படி ஏறினார்கள். பட்டறை காசு உழைக்கும் இடமாக மட்டும் இருக்கக்கூடாது. அது பாடசாலையாக வேண்டும். தொழில், எழுத்தறிவு, ஒழுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வளரவேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

புதியதைக் கண்டு அஞ்சாதவர்

அவர் காலத்தில் பீட்மொன்ட் அரசு பழைய அளவைகளை ஒழித்து, 1850 தை முதலாம் நாள் தொடக்கம் மீற்றர், கிலோ என்ற புதிய தசம முறையைச் சட்டமாக்கியது. படித்தவர்களே தடுமாறினார்கள். புதிய அளவை அறியாத ஏழை, சந்தையில் ஏமாறுவது நிச்சயம். தொன் பொஸ்கோ என்ன செய்தார்? அந்த நாள் வருமுன்பே எளிய நடையில் அம்முறையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இராப்பாடசாலையில் படிப்பித்தார். மீற்றரும் கிலோவும் மேடையேறும் சிறு நாடகங்களைப் பையன்களைக் கொண்டு நடிப்பித்தார். கல் சுமக்கும் பையன், கடை முதலாளிக்கு முந்தியே புதிய கணக்கை அறிந்துகொண்டான்.

அச்சுத்தொழிலிலும் அப்படியே. கையால் சுழற்றும் பழைய இயந்திரங்களோடு தொடங்கியவர், மாத்தி என்னும் ஊரில் காகித ஆலையையே ஏற்று நடத்துமளவுக்கு உயர்ந்தார். 1884ம் ஆண்டு தூரினில் நடந்த தேசியக் கண்காட்சியில் அவருடைய பிள்ளைகளுக்கென்று தனி மண்டபம் ஒன்று இருந்தது. கந்தல் துணி கூழாகிக் காகிதமாவதும், எழுத்து வார்ப்பதும், அச்சிடுவதும், நூல் கட்டுவதும் ஒரே கூரையின் கீழ் மக்கள் முன் நடைபெற்றன. நேற்றுத் தெருவில் கிடந்த பிள்ளைகள் நாட்டின் நவீன இயந்திரங்களை இயக்கிக் காட்டினார்கள். நடுவர்கள் வெள்ளிப் பதக்கம் அளித்தபோது தொன் பொஸ்கோ அதில் திருப்தியடையாமல் மறுபடி ஆராயும்படி கேட்டார். தாழ்ச்சியுள்ள புனிதர் பதக்கத்துக்கு ஏன் வாதாடினார் என்று நீங்கள் வியக்கலாம். அநாதைப் பிள்ளைகள் செய்த வேலைதானே, இவ்வளவு போதும் என்று உலகம் எண்ணிவிடக்கூடாது என்பதே அவருடைய எண்ணமாயிருந்திருக்கும் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம். ஏழைக்கு எஞ்சியதைக் கொடுப்பது தருமம் என்று அவர் கருதவில்லை. நல்லதைக் கொடுப்பதையே நீதி என்று கருதினார்.

பெண்பிள்ளைகளையும் அவர் மறக்கவில்லை. புனித மரிய மசரெல்லோவோடு சேர்ந்து 1872ல் அவர் தொடங்கிய சகாய மாதா கன்னியர் சபை, ஏழைப் பெண்பிள்ளைகளுக்கும் படிப்பும் தொழிலும் கொடுத்தது.

பிரம்பில்லாத கல்வி

அவருடைய முறை மூன்று தூண்களில் நின்றது: நியாயம், சமயம், அன்பு. தவறு நேர்ந்தபின் தண்டிப்பதைவிட, தவறு நேராதபடி கூடவே இருந்து காப்பது மேல் என்று அவர் 1877ல் எழுதி வைத்தார். நேசித்தால் மட்டும் போதாது, தான் நேசிக்கப்படுவதைப் பிள்ளை உணரவும் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆசிரியர் விளையாட்டு மைதானத்திலும் பட்டறையிலும் பிள்ளைகளின் நடுவே நிற்கவேண்டும் என்றார்.

ஓயாத உழைப்பினால் உடல் தேய்ந்து, 1888ம் ஆண்டு தை 31ம் நாள் விடியற்காலையில் அவர் ஆண்டவரிடம் சென்றார். 1934ம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று பாப்பரசர் 11ம் பத்திநாதர் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அவருடைய மக்கள் 1906ல் தஞ்சாவூருக்கு வந்து தமிழ் மண்ணில் கால் வைத்தார்கள். 1956ல் நம் நாட்டிலே நீர்கொழும்புக்கு வந்து, கடற்கரைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி தரத் தொடங்கினார்கள். இன்று அவர்கள் 130க்கும் மேற்பட்ட நாடுகளில் உழைக்கிறார்கள்.

நம் கையில் இருப்பது

வாசகர்களே, தூரினிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தூரத்தில் இவ்ரேயா என்றொரு பட்டணம் இருக்கிறது. அதுவும் தொன் பொஸ்கோவின் பீட்மொன்ட்தான். 2005ல் அங்கேயுள்ள ஒரு கல்வி நிலையத்தில் மாணவர்களுக்காக உள்ளங்கையளவான ஒரு மின்பலகையைச் செய்தார்கள். அதன் பெயர் அர்டுயினோ. அதன் வரைபடத்தை ஒளித்துவைக்காமல் எவரும் பார்த்துச் செய்யலாம் என்று வெளியிட்டதால் அது மலிந்து, உலகெங்கும் ஏழைப் பிள்ளைகளின் கைக்கும் எட்டக்கூடியதாயிற்று. தொழிலின் நுணுக்கத்தை மறைத்த அந்த மேஸ்திரிமாரை இங்கே நினைத்துப் பாருங்கள். இது அதற்கு நேர் எதிரானது.

ரோபோ என்றதும் இரும்பு மனிதன் ஒருவன் நடந்து வருவதாக நினைக்கவேண்டாம். ரோபோவில் மூன்று காரியங்களே முக்கியம்: உணர்வது, முடிவெடுப்பது, செய்வது. நம் தோட்டங்களில் மணலுக்குள் ஓர் உணரியைப் புதைத்து வையுங்கள். ஈரம் குறைந்ததை அது உணரும். சின்னப் பலகை, இப்போது தண்ணீர் வேண்டும் என்று முடிவெடுக்கும். கிணற்றடிப் பம்பி ஓடத் தொடங்கும். போதிய ஈரம் வந்ததும் நிற்கும். எண்ணெய்ச் செலவும் மிச்சம், கிணற்று நீரும் மிச்சம். இறால் பண்ணையில் காற்றுக் கலக்கும் இயந்திரத்தையும் இப்படியே இயக்கலாம். மாம்புரிக் காற்றாலை தன் முகத்தைத் திருப்புவதும் இதே மூன்று படிகளினால்தான். படகு இயந்திரத்தைப் பூட்டத் தெரிந்த பிள்ளைக்கு மூன்றாவது படி ஏற்கனவே பாதி தெரியும். மற்ற இரண்டையும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்தான் தேவை.

ஆனால் பெட்டி நிறையக் கருவி வாங்கி அலுமாரியில் பூட்டிவைத்தால் ஒன்றும் விளையாது. தொன் பொஸ்கோ இரண்டுமுறை தோற்றுக் கற்ற பாடம் அது. கருவியைவிட முக்கியம், பிள்ளைகளோடு இருக்கிற ஆசிரியர். பல்கலைக்கழகத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ படித்த வாலிபர் ஒருவர் நம் பங்குகளில் இருப்பாராயின், ஞாயிறு மறைக்கல்வி முடிந்தபின் இரண்டு மணித்தியாலம் அவரால் தர முடியாதா? பங்கு மண்டபத்தின் கதவைத் திறந்துவிட நம்மால் முடியாதா? பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளையும், பௌத்த, சைவப் பிள்ளையும் வந்து அதே மேசையில் உட்காரட்டும். பசித்த வயிற்றைக் கண்டபோது தொன் பொஸ்கோ முதலில் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டதில்லை.

பெற்றோரே, உங்களிடம் இன்னுமொன்று. சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பிள்ளை தவறிவிட்டால், இவனுக்கு மண்டையில் ஒன்றுமில்லை, கடலுக்குப் போகட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். கடற்றொழில் தாழ்ந்ததல்ல, ஆண்டவர் தம் அப்போஸ்தலரைத் தெரிந்தெடுத்த தொழில் அது. ஆனால் விரும்பிப் போவது வேறு, வேறு வழி காட்டப்படாமல் போவது வேறு. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பயிலுநராகச் சேர்ந்து தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது. விசாரித்துப் பாருங்கள். மகளுக்காகவும் விசாரியுங்கள்.

பெக்கியிலே ஒரு விதவைத் தாய், மண்வெட்டியா புத்தகமா என்ற சண்டையிலே கண்ணீரோடு ஒரு முடிவு எடுத்தார். அந்த முடிவு இல்லாதிருந்தால் திருச்சபைக்கு ஒரு புனிதர் கிடைத்திருக்க மாட்டார். ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் கிடைத்திருக்காது. இன்று மாலை கரைக்குப் போகும்போது, வயர் முறுக்கிக்கொண்டிருக்கும் பையனின் அருகே சற்று நில்லுங்கள். உனக்கு என்ன தெரியாது என்று கேட்கவேண்டாம். இதை எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். தொன் பொஸ்கோவும் அப்படித்தான் தொடங்கினார்.